காடு சும்மா வளரல மாப்ள

போன மாசம் ஊர்க் கொடைக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு தோட்டத்துச் சப்போட்டா மரத்தடியில கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். மேலே இருந்து பார்த்தால் பச்சைப் போர்வை விரிச்ச மாதிரி காடு. அதன் மேல் ஒரு கோடு நகருது. கோடு தாண்டின இடத்தில் மரமெல்லாம் மறைஞ்சு, அடியில் கோபுரம், சாலை, குளம், வீட்டுத் திண்ணை எல்லாம் தெரியுது. குவாத்தமாலா நாட்டில் மாயா மக்கள் கட்டின பழைய ஊர்கள்.

“பாத்தீங்களா மாமா. மனுஷன் வெளியேறினான், காடு வந்து எல்லாத்தையும் முழுங்கிருச்சு. இயற்கைக்கு நாம ஒண்ணும் செய்ய வேண்டாம், விலகிப் போனாலே போதும்” என்றான்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். “உங்கள மாதிரி ஆளுங்க உழுறத நிறுத்தினாலே பாதிக் காடு திரும்பி வந்துரும்” என்று சேர்த்துக்கிட்டான். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனால் அந்தப் பேச்சு முள்ளு மாதிரி உள்ளேயே நின்னுருச்சு.

அவன் ஊருக்குப் போன பிறகு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து அந்தக் காட்டைப் பற்றிக் கிடைச்சதை எல்லாம் படிச்சேன். நான் அந்தப் பக்கம் போனதில்லை, போகப் போறதும் இல்லை. ஆனால் மண்ணும் மேடு பள்ளமும் எனக்குத் தெரிஞ்ச பாஷை. மருமகன் சொன்னதையேதான் இங்கே படிக்கிற நகரத்து நண்பர்கள் பலரும் வேற வேற வார்த்தையில் எனக்கு எழுதுறீங்க. அதனால் பதிலைப் பொதுவிலேயே சொல்லிடுறேன்.

அந்த வீடியோவில் இருக்கிற சங்கதி உண்மை. லைடார் என்று ஒரு கருவி. விமானத்தில் வைத்து லேசர் ஒளியைக் கீழே அடிக்கிறாங்க. இலை இடுக்கு வழியா தரைக்குப் போய்த் திரும்புகிற ஒளியை வைத்துத் தரையின் மேடு பள்ளத்தை வரைஞ்சிடுறாங்க. 2009ல் பெலிஸ் நாட்டின் கராகோல் என்ற பழைய நகரத்தைச் சுற்றி 200 சதுர கிலோமீட்டரை இப்படி அளந்தாங்க. 2016ல் குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் 2,144 சதுர கிலோமீட்டர். அதில் மட்டும் 61,480 கட்டுமானங்கள். கி.பி. 650லிருந்து 800 வரையிலான காலத்தில் அந்தத் தாழ்நிலம் முழுக்க 70 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சம் பேர் வரை இருந்திருக்கலாம் என்று 2018ல் வெளியான கட்டுரையில் கணக்குப் போட்டிருக்காங்க.

இவ்வளவு பேரும் சாப்பிட்டாகணும். சாப்பாட்டுக்குச் சோளம் விளையணும். நாம மக்காச்சோளம்னு சொல்றோமே, அந்தச் சோளம். வீடியோ போடுகிறவங்க கோபுரத்தைக் காட்டி வாயைப் பிளக்க வைக்கிறாங்க. எனக்குக் கண்ணில் பட்டது சரிவு முழுக்க ஓடுகிற படி வயல்கள். கோபுரம் கட்டினவன் பெயரைக் கல்வெட்டில் எழுதி வைச்சிருக்கான். படி கட்டினவன் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் இன்னிக்கு அந்தக் காட்டில் எந்த மரம் எங்கே நிற்குதுன்னு கேட்டால், பதிலில் கோபுரக்காரனைவிட இவனுக்குப் பங்கு அதிகம்.

முதலில் மண்ணைச் சொல்லிடுறேன்.

யுகட்டான் தீபகற்பம், பெத்தேன், பெலிஸின் பெரும்பகுதி எல்லாம் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணி பாறையைக் கரைச்சுக்கிட்டு உள்ளே இறங்கிடும். யுகட்டானின் வடபகுதியில் மேலே ஓடுகிற ஆறே கிடையாது. பாறை கூரை இடிஞ்சு விழுந்த இயற்கைக் கிணறுகள்தான் தண்ணிக்கு வழி. மழை கொட்டும் காலம் ஒன்று, ஜனவரியிலிருந்து மே வரை வறட்சி ஒன்று. “வெப்பமண்டலக் காடு” என்றதும் வருஷம் முழுக்கச் சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டே இருக்கும்னு நினைச்சிடாதீங்க.

மேட்டு நிலத்தில் பாறை மேல் கொஞ்சம் கறுப்பு மண் இருக்கும். ஆழம் கம்மி, ஆனால் சத்தான மண், தண்ணி நிற்காது. அங்கே உயரமான காடு. மகாகனி, ராமோன், சப்போட்டா எல்லாம் அந்த மேட்டுக்காரங்க. பள்ளத்தில் வேற கதை. பாஹோன்னு ஸ்பானிஷில் சொல்றாங்க, தாழ்வுன்னு அர்த்தம். கனமான களிமண். மழையில் உப்பி, தண்ணி தேங்கி, சேறாக நிற்கும். வெயிலில் வெடிச்சுப் பிளக்கும். கரிசக்காட்டுக்காரங்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் வேண்டாம், மண் வகைப்பாட்டில் நம்ம கரிசலும் அந்தக் களியும் ஒரே குடும்பம். கோடையில் கரிசல் வெடிப்பில் கைத்தடியை விட்டால் உள்ளே போயிடும் இல்லையா, அந்த மண்தான். வேரை இழுத்து அறுக்கிற மண்ணில் பெரிய மரம் எப்படி நிற்கும்? அதனால் பாஹோவில் குட்டையான, கோணல்மாணலான, முள்ளு முரட்டுக் காடு. சாயம் எடுக்கிற டின்டோ மரம் அதிகம். அந்தச் சாய மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்ய வந்த ஆங்கிலேயர்கள் போட்ட குடியிருப்புதான் பிறகு பெலிஸ் நாடானது.

ஒரு மைல் நடந்தால் இரண்டு காடு. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே பச்சை. யுகட்டான் மாயா விவசாயிகிட்ட கேட்டால் நாலைந்து மண் பெயரைச் சொல்லுவார். போஷ் லூம் என்றால் கறுப்பு மண். கான்கப் என்றால் செம்மண். அகால்சே என்றால் தண்ணி கட்டுகிற களி. கல்லும் சரளையுமா இருந்தால் த்செக்கேல். நம்ம ஊரில் கரிசல், செவல், களர், சரளைன்னு சொல்றோமே, அதே மாதிரி. பெயர் வைக்கிறது எதுக்கு? எந்த மண்ணில் எதைப் போடணும், எந்த மண்ணைச் சும்மா விடணும்னு தெரிஞ்சுக்கத்தான்.

சரி, அப்போ காட்டை எழுதினது மண்ணும் மேடு பள்ளமும் மட்டும்தானா? இங்கேதான் படிச்சவங்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்திருக்கு. அதைச் சொல்லாமல் போனால் நான் எனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சொன்ன மாதிரி ஆயிடும்.

ராமோன்னு ஒரு மரம். ஆல், பலா வகையறா. கொட்டையை அவிச்சும் அரைச்சும் சாப்பிடலாம், தழை மாட்டுக்கு ஆகும். திக்கால் என்ற பெரிய நகரத்தின் இடிபாடுகளில், பழைய வீட்டு மேடுகளைச் சுற்றி ராமோன் நெருக்கமா நிற்கிறதைக் கவனிச்சார் டென்னிஸ் புல்ஸ்டன் என்கிற அமெரிக்க ஆய்வாளர். இது மாயாக்காரர்கள் வீட்டுப் பக்கம் வளர்த்த தோப்பின் மிச்சம் என்றார். பின்னாடி 1982ல் லாம்பர்ட், ஆர்னசன் என்று இரண்டு பேர் பெலிஸின் லாமனாயில் மண்ணை எடுத்துப் பார்த்துட்டு, தோப்பும் இல்லை ஒன்றும் இல்லை, ராமோனுக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், இடிஞ்ச கட்டடம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், அதனால் அங்கே தானா முளைச்சிருக்குன்னாங்க. மனுஷன் கையா, மண்ணான்னு ரொம்ப நாள் வாதம்.

நான் ஒரு சாதாரண சம்சாரி. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தச் சுண்ணாம்புக் குவியலை அங்கே கொண்டு வந்து போட்டது யாரு? பாறையை உடைச்சு, கல்லைச் சுட்டு, தரைக்கும் சுவருக்கும் பூசி, தலைமுறை தலைமுறையா மேல மேல கட்டினவன்தானே அந்த மண்ணையே உண்டாக்கினான்? மரத்தை நட்டிருந்தாலும் அவன் வேலை. மண்ணை மாத்தி வைச்சு மரம் தானா வந்திருந்தாலும் அவன் வேலை. விதை பறவை போட்டதா இருக்கட்டும், அது பிடிச்சு நின்ன இடம் மனுஷன் செஞ்சு வைச்ச இடம். “மண்ணா மனுஷனா” என்று பிரிச்சுக் கேட்கிறதே தப்பு. ஆயிரக்கணக்கான வருஷம் உழுத நிலத்தில் அந்த ரெண்டையும் யாராலும் பிரிக்க முடியாது.

கராகோலைப் பாருங்க. சரிவில் கல்லை அடுக்கிப் படி கட்டி மண்ணை நிறுத்தியிருக்காங்க. ஊர் காலியாகி ஆயிரம் வருஷம் ஆச்சு. படி இன்னும் மண்ணையும் ஈரத்தையும் பிடிச்சு வைச்சிருக்கு. அதே லேசர் கணக்கை வைத்து மேலே நிற்கிற காட்டையும் அளந்து பார்த்தாங்க. படி கட்டின சரிவில் நிற்கிற காடும், படி இல்லாத சரிவில் நிற்கிற காடும் உயரத்திலும் அடர்த்தியிலும் வேற வேறயா இருக்கு. கட்டினவன் செத்து ஆயிரம் வருஷம் ஆகியும் அவன் அடுக்கின கல் இன்னிக்கு மரத்தின் உயரத்தைத் தீர்மானிக்குது.

இதை நம்ப எனக்கு லேசர் தேவைப்படலை. எங்க சித்தப்பா நிலம் மேட்டுச் செவல். பசங்க திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனதில் 20 வருஷமா தரிசு. தாத்தா காலத்துக் கல் கட்டு நிற்கிற பக்கம் மண் முழங்கால் ஆழம் இருக்கு. வேம்பும் வாகையும் தானா வந்து நிழல் கட்டிருச்சு. கட்டு சரிஞ்ச பக்கம் மண் ஓடிப் போய்ச் சரளை மட்டும் மிச்சம். அங்கே சீமைக்கருவேலம் தவிர ஒரு செடி தலை தூக்கலை. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இறங்கின மரம்தான். ரெண்டு பக்கத்தையும் விட்டு விலகினது ஒரே நாளில். மழை ஒண்ணு, வெயில் ஒண்ணு. வந்து சேர்ந்தது மட்டும் ரெண்டு விதம். “விலகிப் போனாலே போதும்” என்று சொல்கிற மருமகன் அந்த வரப்பில் ஒரு தடவை நடந்து பார்க்கணும்.

இப்போ எதிர்ப்பக்கத்து ஆட்கள். மாயாக்காரர்கள் காட்டை அழிச்சாங்க, அதனால் அழிஞ்சாங்கன்னு ஒரு கதை இருக்கு. சூழல் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இதை ரொம்ப ஆசையாச் சொல்லுவாங்க. அதில் பாதி உண்மை இருக்கு, அதை மறைக்க மாட்டேன்.

பெத்தேனின் ஏரிகளில் குழாயை இறக்கி அடிச் சேற்றை எடுத்துப் பார்த்திருக்காங்க. நடுவில் தடியா ஒரு களிமண் அடுக்கு. “மாயா களி” என்றே பெயர் வைச்சுட்டாங்க. மேட்டில் காட்டை வெட்டினதும் மண் அரிச்சு ஏரிக்கு வந்திருக்கு. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சல்பெத்தேன் ஏரியில் பார்த்தபோது மண் அதிகமா ஓடினது ஜனத்தொகை உச்சத்தில் இருந்த காலத்தில் இல்லை. அதுக்கு ரொம்ப முந்தி, ஆட்கள் கம்மியா இருந்து முதன்முதலாக் காட்டைத் திறந்தப்போதான் பெரிய இழப்பு. பிறகு ஜனம் பெருகியும் அரிப்பு குறைஞ்சிருக்கு. மேலே இருந்த இளக்கமான மண் முதலிலேயே போயிருக்கும். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு மண்ணை நிறுத்தவும் கத்துக்கிட்டிருப்பாங்க என்பது என் எண்ணம். அப்படி ஓடின மண்ணும் எல்லாம் வீணாப் போகலை. மலையடியில் தங்கி ஆழமான வயலாச்சு. சில பாஹோக்கள் முன்னாடி வருஷம் முழுக்கத் தண்ணி நின்ன இடமா இருந்து, இந்த வண்டல் நிரம்பித்தான் மழைக்காலச் சேற்று நிலமா மாறியிருக்குன்னும் மண் ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதாவது நான் மேலே “மண்”, “மேடு பள்ளம்” என்று எழுதினேனே, அதிலேயே ஒரு பகுதி மனுஷன் கைவேலை.

மரத்திலும் அப்படித்தான். திக்கால் கோயில்களின் வாசல் உத்தரங்கள் சப்போட்டா மரம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் உளுத்துப் போகாத கட்டை. நாலாவது கோயிலின் செதுக்கின உத்தரங்களை 1877ல் கழற்றிக்கொண்டு போய், இப்போ சுவிட்சர்லாந்தில் பாசல் நகர மியூசியத்தில் வைச்சிருக்காங்க. எட்டாம் நூற்றாண்டின் முன்பாதி வரைக்கும் கட்டின கோயில்களில் நீளமான, பெரிய சப்போட்டாக் கட்டைகள். அப்புறம் திடீரென்று பாஹோவின் டின்டோ மரத்துக்கு மாறிடுறாங்க. டின்டோ கோணலான, செதுக்கக் கஷ்டமான மரம். விரும்பி யாரும் எடுக்க மாட்டாங்க. மேட்டில் பெரிய மரம் தீர்ந்திருக்கு. தலைமுறைகளாக் காப்பாத்தி வைச்ச மரத்தை ராஜாக்களின் கோயிலுக்கு வெட்டித் தீர்த்திருக்காங்க. படி கட்டினவனையும் உத்தரத்துக்கு மரம் கேட்டவனையும் ஒரே பெயரில் “மாயாக்காரன்” என்று சொல்லித் திட்டினால் என்ன நியாயம்?

ஒன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் காலியாகத் தொடங்கின. தொடர் வறட்சி, போர், அரசு சிதைவு என்று காரணம் பல, அதுக்குள்ள நான் போகலை. ஆனால் காடு எப்படித் திரும்புச்சு? பெத்தேன் இட்சா ஏரிச் சேற்றின்படி மரங்கள் திரும்ப 80லிருந்து 260 வருஷம். மண் நிலைபெற 120லிருந்து 280 வருஷம். அந்த மண் பழங்காலத்தில் கரிமத்தை நூற்றாண்டுக் கணக்கில் பிடிச்சு வைச்சிருந்தது. அந்தத் திறன் காடு மூடி ஆயிரம் வருஷம் ஆகியும் பழையபடி வரலைன்னு 2018ல் வந்த ஒரு ஆய்வு சொல்லுது. மேலே பச்சை தெரிஞ்சால் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிக்கணும். காடு வந்துருச்சு, மண் இன்னும் வரலை.

“மாயாக்காரன் காணாமப் போயிட்டான்” என்பதும் பொய். 2018 மக்கள்தொகைக் கணக்கின்படி குவாத்தமாலாவில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் மாயா மக்கள். மெக்சிகோவிலும் பெலிஸிலும் இன்னும் இருக்காங்க. அவங்க விவசாயத்துக்கு மில்பா என்று பெயர். காட்டில் ஒரு துண்டை வெட்டிக் காய விட்டு, மழைக்கு முன்னாடி எரிச்சு, சோளமும் பீன்ஸும் பூசணியும் சேர்த்துப் போடுவாங்க. ரெண்டு மூணு வருஷம் விளைச்சுட்டு, பத்து இருபது வருஷம் காடாக விட்டுடுவாங்க. படம் பிடிக்க வருகிறவன் புகையை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவான். வேண்டிய மரத்தை வெட்டாமல் விடுறது, அடிக்கட்டையைத் துளிர்க்க விடுறது, நிலத்தைச் சுற்றி தோல்சேன்னு ஒரு பட்டைக் காட்டை நிறுத்தி வைக்கிறது, ஆற விட்ட நிலத்தில் பழமரம் சேர்க்கிறது, இதெல்லாம் படத்தில் வராது. யுகட்டானில் கல் சுவர் கட்டிக் காத்த மரக்கூட்டங்களுக்கு பெத் கோத்துன்னு பெயர். மெக்சிகோ தாவரவியலாளர் ஆர்துரோ கோமெஸ் போம்பா 1987ல் அதை மாயாக்காரர்கள் உண்டாக்கின காடுன்னே எழுதினார்.

மகாகனியையே எடுத்துக்குங்க. “கன்னிக் காட்டின் ராணி” மாதிரிப் பேசுவாங்க. அதன் நாற்று நிழலில் பிழைக்காது. வெயில் விழுகிற திறப்பு வேணும். புயலடிச்சுச் சாய்ஞ்ச இடம், தீப்பட்ட இடம், ஆறவிட்ட மில்பா இப்படி எங்கேயாவதுதான் கூட்டமா வரும். யாரும் தொடாத இருட்டுக் காடு மகாகனிக்கு ஆகவே ஆகாது.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்? பழைய கதை பேசி ஜெயிக்க இல்லை. “காடுன்னா மனுஷன் தொடாத இடம்” என்று ஒருத்தர் நம்பினால், அடுத்த வரி தானா வரும்: அங்கே இருக்கிற மனுஷனை வெளியேத்து. அந்த வரி சட்டமா எழுதப்பட்டு, அதன்படி ஆட்கள் வீட்டைக் காலி செய்ற வரைக்கும் போகும். பெத்தேனிலேயே இதுக்குப் பரீட்சை நடந்திருக்கு.

1990ல் அங்கே மாயா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிச்சாங்க. 21,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக்கி ஆள் இருக்கக் கூடாதுன்னாங்க. இன்னொரு பகுதியில், 1994லிருந்து, உள்ளூர்ச் சமூகங்களுக்குக் காட்டை ஒப்பந்தத்தில் கொடுத்தாங்க. ஹெக்டேருக்கு விரல்விட்டு எண்ணுகிற மரம்தான் வெட்டலாம், வெட்டின இடத்துக்குத் திரும்பப் பல பத்து வருஷம் போகக் கூடாது, வெளியாள் வந்து தணிக்கை செய்யணும் என்று கட்டுப்பாடு. வாஷக்தூன், கார்மெலிட்டா என்ற ஊர்கள் அதில் வரும். ரெண்டும் சிக்கிள் எடுக்கிறவங்க போட்ட முகாமிலிருந்து வளர்ந்த ஊர்கள். சிக்கிள் என்றால் சூயிங்கம்முக்கு ஆகிற பால். அது வடியுற மரம் சப்போட்டா. ஆமாம் மாப்ள, நீ சாய்ஞ்சு உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தியே, அதே மரம். பாலை வேரில் ஒட்டுக் கட்டி நான் நட்டு வளர்த்தது. அதன் சொந்த ஊர் உன் வீடியோவில் ஓடின காடு.

முடிவு என்ன ஆச்சு? ஆள் இருக்கக் கூடாது என்று ஒதுக்கின லகுனா தெல் திக்ரே தேசியப் பூங்கா, மாட்டுப் பண்ணைக்காரர்களிடமும் நிலம் வளைக்கிறவர்களிடமும் பெரிய அளவில் காட்டை இழந்தது. அங்கே கன்றுக்குட்டிக் கணக்கில் கறுப்புப் பணம் வெளுக்கிற ஆட்களும் உண்டு. ஊர்க்காரர்கள் மரம் வெட்டிப் பிழைக்கிற ஒப்பந்தக் காடுகளில் அழிவு மிகக் குறைவு. எல்லா ஒப்பந்தமும் வெற்றின்னு சொல்லிட மாட்டேன். புதுசா வந்து குடியேறினவர்கள் வாங்கின சில ஒப்பந்தங்களில் நிலம் மாட்டுப் பண்ணைக்குக் கைமாறி, ரத்தே ஆகியிருக்கு. நிலைச்சு நின்னது, காட்டிலிருந்தே பல தலைமுறையாப் பிழைச்ச ஊர்கள். கார்மெலிட்டாவின் ஒப்பந்தத்தை 2019ல் இன்னும் 25 வருஷத்துக்கு நீட்டினாங்க. தீ வந்தால் முதலில் ஓடுகிறவன் அந்தக் காட்டில் அடுத்த வருஷச் சோறு வைச்சிருக்கிறவன்தான். இது ஒன்றும் ரகசியம் இல்லை. சொந்தத் தோட்டம் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

சிலர் கேட்பீங்க: அப்போ எல்லாக் காட்டிலும் ஆட்களை விட்டுடலாமா, மனுஷன்தான் காட்டை உண்டாக்கினான் என்றால் இப்போ வெட்டினாலும் சரிதானான்னு. அப்படிப் பேசுகிற கூட்டமும் ஒன்று கிளம்பியிருக்கு. மரக் கம்பெனிக்கும் பண்ணைக்காரனுக்கும் இந்த வாதம் கரும்பு மாதிரி. அவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். மாயா விவசாயி கல் கோடாரியில் வெட்டினான், கால்நடை உழவு இல்லை, இழுக்க மாடு இல்லை, வெட்டினதைப் பத்து இருபது வருஷம் ஆற விட்டான். அப்படியிருந்தும் முதல் வெட்டிலேயே மேட்டு மண் ஏரிக்குப் போச்சு. புல்டோசரில் தள்ளிட்டு, ஆறவே விடாமல் புல்லைப் போட்டு மாட்டை மேய்க்கிறவன், அவன் பெயரைச் சொல்லி நியாயம் பேசக் கூடாது. மண் யாருக்கும் சலுகை காட்டாது. திறந்தால் ஓடும், கட்டினால் நிற்கும், விட்டால் விட்ட நிலையிலிருந்துதான் திரும்பி வரும்.

அதனால் நகரத்து நண்பர்களுக்கு நான் கேட்டுக்கிறது இவ்வளவுதான். காட்டுப் படத்தைப் பார்த்து “தீண்டப்படாத சொர்க்கம்” என்று எழுதுறதுக்கு முன்னாடி, அடியில் என்ன மண், மேடா பள்ளமா, யார் கை பட்டதுன்னு ஒரு தடவை கேளுங்க. பெத்தேன் ஆகட்டும், வேற எந்த நாட்டுக் காடாகட்டும், பெரும்பாலும் மூணுக்கும் பதில் இருக்கும். அந்த மூணாவது பதிலில் வருகிற ஆள் இன்னும் உயிரோட இருந்தால், காட்டைக் காப்பாத்துறதைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் அவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்க. வாசலில் நிறுத்தாதீங்க.

மாப்ள, அடுத்த கொடைக்கு வரும்போது சித்தப்பா நிலத்துக்கு ஒரு நடை போவோம். சரிஞ்ச கல் கட்டை எடுத்துக் கட்டலாம்னு இருக்கேன். ரெண்டு ஆள் வேலை, நீ ஒரு ஆள். கட்டி முடிச்சுட்டு அப்புறம் விலகிப் போவோம், காடு வரட்டும்.

த்ரீ பேஸ் கரண்ட் வந்துருச்சு. மோட்டாரைப் போட்டுட்டு வர்றேன். திட்டுறவங்க பின்னூட்டத்தில் திட்டலாம், ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதுறேன்.